நாற்பத்து மூன்று பேருக்கு ஆர்வமில்லை

எங்கள் ஆசிரியை பிரான்வின் வரிசை வரிசையாகத் தாளைக் கொடுத்துக்கொண்டே வந்தார். பெயர் எழுத வேண்டாம், ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும் என்றார். தாளில் இரண்டே கேள்விகள். நோய்க்கு மருந்தாகக் கொடுக்கும் கஞ்சாவைப் பற்றி வகுப்பில் படிக்க உங்களுக்கு எவ்வளவு ஆர்வம்? சும்மா சந்தோஷத்துக்காகப் புகைக்கும் கஞ்சாவைப் பற்றிப் படிக்க எவ்வளவு ஆர்வம்? இரண்டுக்கும் கீழே ‘மிகுந்த ஆர்வம்’ தொடங்கி ‘ஆர்வமே இல்லை’ வரை ஐந்து கட்டங்கள்.

நாங்கள் நர்ஸிங் இரண்டாம் ஆண்டு, நாற்பத்தாறு பேர். அறை அப்படியே அடங்கிப்போனது. ஊசி போடும் பரீட்சை அன்றைக்குக்கூட அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. கஞ்சாவுக்குப் பேர்போன நிம்பின் ஊர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எட்டுப் பேர். அவர்கள் பையைத் திறந்தாலே வாசனை வரும். அவர்களும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நாற்பத்தொரு வயது. படிக்க வருவதற்கு முன் பதினேழு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் குடல் கழுவும் மேசையில் நின்றவள். அங்கே திடீரென்று ஒரு காலையில் மூத்திரம் பிடித்துவரக் கையில் கோப்பையைக் கொடுத்துக் கழிப்பறைக்கு அனுப்புவார்கள். யார் யார் போக வேண்டும் என்பது குலுக்கல் என்று சொல்வார்கள். ஆனால் முந்தின நாள் டீ இடைவேளையில், கஞ்சா அடித்தால் எத்தனை நாள் மூத்திரத்தில் தெரியும் என்று எவன் கேட்டானோ, அவன் பெயர் அந்தக் குலுக்கலில் தவறாமல் வரும். அதனால் அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டாலே ஒப்புக்கொண்ட மாதிரி. என் வகுப்பில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். அப்பா மர மில், அண்ணன் சுரங்கம், அத்தை லாரி. எல்லா வீட்டுக்கும் அந்தக் கோப்பை தெரியும்.

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். என் புருஷன் டாரிலுக்காக வேண்டும்.

டாரில் அதே தொழிற்சாலையில் ஏற்றுமேடையில் வேலை செய்கிறான். குளிரறையிலிருந்து மாட்டின் கால்பகுதியைத் தோளில் வாங்கி வண்டிக்குள் மாட்டுவது அவன் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் வலது தோள் தேய்ந்துவிட்டது. ஒரு வருடமாக ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் ஒரு டாக்டர் ஏழு நிமிடம் பேசிவிட்டுக் கஞ்சா எண்ணெய் எழுதிக்கொடுத்தார். பாட்டில் தபாலில் வந்தது. சட்டப்படி வந்த மருந்து. கம்பெனி நர்ஸிடம் சீட்டைக் காட்டியாயிற்று, அவர் வாங்கி, யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்துக்கொண்டார். இப்போது டாரில் சாயங்காலம் எட்டு மணிக்கு நாக்குக்கு அடியில் விட்டுக்கொண்டு படுத்தால் காலையில்தான் எழுந்திருக்கிறான்.

வேலைக்குப் போக நாற்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அந்த ரோட்டில் வாரத்துக்கு இரண்டு நாளாவது போலீஸ் நிற்கும். எச்சிலில் கஞ்சா தெரிகிறதா என்று நாக்கில் குச்சியைத் தடவிப் பார்ப்பார்கள். தெரிந்துவிட்டால் மூன்று மாதம் லைசென்ஸ் போகும். எங்கள் ஊரிலிருந்து அங்கே பஸ் கிடையாது. லைசென்ஸ் போனால் வேலையும் போகும்.

டாக்டர் சீட்டு இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஒருவன் சொன்னான். நாலு மணி நேரத்தில் போய்விடும் என்றான் இன்னொருவன். மூன்று நாள் இருக்கும் என்றான் மூன்றாமவன். பாட்டிலோடு வந்த தாளில் ‘வாகனம் ஓட்டுவதில் கவனம் தேவை’ என்று மட்டும் இருந்தது. அந்த டாக்டரின் நம்பருக்கு அடித்தால் பாட்டுத்தான் கேட்டது.

ஆக, யாருக்காவது ‘மிகுந்த ஆர்வம்’ இருக்க வேண்டுமென்றால் அது எனக்குத்தான். பேனாவை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் ஜெய்டா இருந்தாள். பத்தொன்பது வயது. அவளுடைய அப்பாதான் டாரிலின் ஏற்றுமேடைக்கு மேற்பார்வை. அவருக்குத் தெரிந்தால் டாரிலின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து முற்றத்துக்கு அனுப்பிவிடுவார். ஜெய்டா என் தாளைப் பார்க்கவில்லைதான். ஆனால் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

‘ஆர்வமே இல்லை’ என்று இரண்டு தடவை டிக் போட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

புதன்கிழமை பிரான்வின் முடிவைச் சொன்னார். மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஓடியவர், சாதாரணமாக எதற்கும் அசரமாட்டார்.

"நாப்பத்தாறு தாள்," என்றார். "நாப்பத்து மூணு பேருக்கு ஆர்வமே இல்ல. ரெண்டு பேரு ஒண்ணும் போடல. அதுல ஒருத்தர் நாய்ப் படம் வரஞ்சிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு. மிகுந்த ஆர்வம்னு போட்டவங்க ஒரே ஒருத்தர்."

எல்லோர் தலையும் கூப்பர் பக்கம் திரும்பியது. வாழைத் தோட்டத்துப் பையன், ஆறடி உயரம், கண் எப்போதும் லேசாகச் சிவந்திருக்கும்.

"என்னை ஏன்டா பாக்கறீங்க?" என்றான். "எனக்குக் கண்ணுல அலர்ஜி. நான் வரஞ்சது நாயி."

"பாடத்திட்டக் குழு என்னைக் கேக்குது," என்றார் பிரான்வின். "பிள்ளைங்களுக்கு வேணுமா, கணக்கைக் காட்டுன்னு. முப்பது பேராவது வேணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அனுப்பணும். இல்லன்னா அந்த ரெண்டு மணி நேரத்துல திரும்பவும் கை கழுவுறது எப்படின்னு நடத்தச் சொல்லிட்டாங்க."

பின்வரிசையில் யாரோ முனகினார்கள். கை கழுவுவதை ஏற்கெனவே இரண்டு தடவை படித்துவிட்டோம்.

வகுப்பு முடிந்ததும் நான் பிரான்வினின் அறைக்குப் போனேன். தெரிந்த ஒருத்தருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். வாசலில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"எங்க அத்தைக்குத்தான்," என்று உள்ளே ஜெய்டாவின் குரல் கேட்டது. "ப்ரெஷர் மாத்திரை போடறாங்க. அதோட சேத்து எடுக்கலாமா?"

அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"நீ எதுக்குக் கிழவி நிக்கற?"

"கை கழுவுறதுல ஒரு சந்தேகம்."

"எனக்கும் அதான்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

எனக்கு முன்னால் சுனிதா நின்றிருந்தாள். நேபாளத்துப் பெண், சாயங்காலத்தில் முதியோர் இல்லத்தில் வேலை. என்னை அவள் பாஷையில் தீதி, அதாவது அக்கா, என்பாள். என் காதருகே குனிந்தாள்.

"தீதி, அந்த ஒரு ஆளு நான்தான்."

"நீயா? உனக்கு விசா பயம் இல்லியா?"

"அதனாலதான் போட்டேன். படிக்க வந்த எடத்துல ஆர்வம் இல்லன்னு எழுதிக் குடுத்தா வெளிய அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். முன்ன கை கழுவுற பாடத்துக்குத் தாள் குடுத்தப்பகூட மிகுந்த ஆர்வம்னுதான் போட்டேன்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "எங்க ஊர்ல அது வேலியோரமா மொளைக்கும் தீதி. எருமை திங்கும். இங்க அது பேரச் சொன்னாலே எல்லாரும் கூரையைப் பாக்கறீங்க."

என் முறை வருவதற்குள் பிரான்வினே வாசலுக்கு வந்துவிட்டார். வரிசையை எண்ணினார்.

"அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், கூப்பரோட நாய். எல்லாருக்கும் ஒவ்வொருத்தரா நான் பதில் சொல்லிட்டிருந்தா ராத்திரிதான் வீட்டுக்குப் போவேன். ஆர்வம் இல்லாத கூட்டம்தானே நீங்க? போங்க. வகுப்புல கேளுங்க. வகுப்பு வேணும்னா எனக்கு முப்பது பேரக் குடுங்க."

அன்று மூன்று மணிக்கு டாரில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். உறைந்த பட்டாணிப் பையைத் தோளில் வைத்துச் சமையலறை நாற்காலியில் சாய்ந்தான்.

"என்ன நர்ஸம்மா, மூஞ்சி தொங்குது?"

சொன்னேன். நானும் ‘ஆர்வமே இல்லை’ என்று போட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் சிரித்தான். சிரித்தது தோளைப் பிடித்துக்கொண்டது. நிறுத்திவிட்டு மறுபடியும் சிரித்தான்.

"எனக்காகப் படிக்கப் போறேன்னு சொல்லிட்டு, வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க."

"பக்கத்துல யாரு பொண்ணு உக்காந்திருந்துச்சு தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும். பேனாவும் பேப்பரும் குடுத்தா எவன்டி நெஜத்தப் போடுவான்? டிக் போடற கை எங்க போகுதுன்னு பத்தடி தூரத்துலயே தெரியும். நம்ம ஷெட்டுல எப்படி ஓட்டுப் போடுவோம், மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். தொழிற்சாலை ஷெட்டில் ஷிப்ட் நேரத்தை மாற்றலாமா வேண்டாமா என்கிற மாதிரி விஷயங்களுக்கு மேற்பார்வையாளர் நிற்கும்போதே ஓட்டு எடுப்பார்கள். கை தூக்கச் சொன்னால் யாரும் தூக்கமாட்டார்கள். அதற்காக ஆட்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். இரைச்சலுக்காகக் காதில் சொருகும் பஞ்சு அடைப்பான் இருக்கிறதே, அதில் ஆரஞ்சு ஒன்று, பச்சை ஒன்று ஒவ்வொருவருக்கும் கொடுப்பார்கள். மூடியில் ஓட்டை போட்ட இரண்டு கொழுப்பு வாளிகள் இருக்கும். மூடிய கையை முதல் வாளிக்குள் விட்டு ஒன்றைப் போட வேண்டும். மிஞ்சியதை இரண்டாவது வாளியில் போட வேண்டும். முதலாவதை மட்டும் எண்ணுவார்கள். முன்னே போல்ட்டும் நட்டும் போட்டுப் பார்த்தார்களாம். விழும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். பஞ்சு விழுந்தால் சத்தமே இல்லை.

"அலமாரில பஞ்சு ரெண்டு டப்பா கெடக்குது, பின்னாடி வாளியும் இருக்கு, எடுத்துட்டுப் போ," என்றான் டாரில். பட்டாணிப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டே, "அப்படியும் வரலன்னா விடு. நாளைக்கு நானே போலீஸ்காரன்கிட்ட வண்டிய நிறுத்திக் கேட்டுப்புடறேன்."

"கேளு. அடுத்த வாரம் மாட்டுக் காலோட நீயும் லாரியில தொங்கிட்டுத்தான் வேலைக்குப் போகணும்."

வெள்ளிக்கிழமை காலை இரண்டு வாளிகளோடு வகுப்புக்குப் போனேன். தேய்த்துக் கழுவியும் கொழுப்பு வாடை போகவில்லை. பிரான்வினிடம் விவரத்தைச் சொன்னேன். குழுவுக்கு எண்ணிக்கைதான் வேண்டும், அது பேனாவில் வந்தாலும் சரி பஞ்சில் வந்தாலும் சரி என்றார். பழைய தாள்களை இன்னும் அனுப்பவில்லை.

எழுந்து நின்று ஷெட்டில் சொல்கிற மாதிரியே சொன்னேன். "ஆரஞ்சு போட்டா பாடம் வேணும். பச்சை போட்டா கை கழுவணும். கைய மூடிட்டே உள்ள விடுங்க. யாரும் யார் மூஞ்சியையும் பாக்காதீங்க."

"இது என்ன நாத்தம்?" என்றாள் ஜெய்டா.

"உங்கப்பா தெனமும் வீட்டுக்குக் கொண்டுவர்ற அதே நாத்தம்தான். கையை விடு."

முதலில் சுனிதா போட்டாள். பிறகு கூப்பர். அவன் கை பெரியது, ஓட்டையில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். அதில் எல்லோருக்கும் இறுக்கம் விட்டுப்போனது. நிம்பின் பிள்ளைகள் எட்டுப் பேரும் வரிசையாக வந்து, பூஜைக்கு வந்தவர்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டுப் போனார்கள்.

பிரான்வின் முதல் வாளியை மேசைமேல் கவிழ்த்தார். ஆரஞ்சுக் குவியல். இரண்டிரண்டாக எண்ணினார். நாற்பத்தைந்து ஆரஞ்சு, ஒரு பச்சை.

"அந்த ஒருத்தரு யாரு?" என்று கேட்டான் கூப்பர்.

"வேணாம், கேக்காத," என்றார் பிரான்வின். "நெஜமாவே கை கழுவத் தெரியாதவங்களா இருக்கலாம்." குவியலைப் போட்டோ எடுத்து அங்கேயே அனுப்பினார்.

பத்து நாள் கழித்து அந்த இரண்டு மணி நேரம் கிடைத்தது. யாரும் மட்டம் போடவில்லை. பிரான்வின் முதலிலேயே சொல்லிவிட்டார்: எல்லாக் கேள்வியும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியதுதான், யாரும் யாரையும் எந்தப் பக்கத்து வீடு என்று கேட்கக் கூடாது.

கூப்பரின் பக்கத்து வீட்டுக்காரன் நாலு வருடமாக விடாமல் புகைக்கிறவன். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் தொடர்ந்து வாந்தி. சுடுதண்ணீர் ஷவருக்குள் நின்றால்தான் அடங்குகிறது.

"எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்றார் பிரான்வின்.

"தண்ணி ஆறிப்போற வரைக்கும். அம்மா கதவத் தட்டுவாங்க." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அவங்க அம்மா."

"வார்டுல இப்படி ஒருத்தர் வந்தா, ஷவரப் பத்தித்தான் முதல்ல கேக்கணும். வயித்துல குழாய் விட்டுத் தேடறதுக்கு முன்னாடி இத ஒரு நர்ஸ் கேட்டுட்டா பாதி வேலை முடிஞ்சுது. வாந்திக்குக் காரணமே அந்தப் புகைதான். நிறுத்தினாத்தான் போகும்."

"ஷவரையா?"

"புகையைடா."

வகுப்பே சிரித்தது. கூப்பரும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் எழுதியது ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

நான் கை தூக்கினேன். பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூடத் தூக்காத கை.

"என் பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் எட்டு மணிக்கு எண்ணெய் விட்டுக்கறாரு. டாக்டர் சீட்டு இருக்கு. விடியக்காலம் அஞ்சரைக்கு வண்டி எடுக்கறாரு. போலீஸ் குச்சியில தெரியுமா?"

பிரான்வின் என்னையே பார்த்தார். "பாட்டில்ல என்ன எழுதியிருக்கு? ரெண்டு நம்பர் இருக்கும். டி.எச்.சி. ஒண்ணு, போதை தர்றது அதுதான். சி.பி.டி. ஒண்ணு, அதுல போதை கெடையாது."

பாட்டில் மூடியைத் திறக்கும்போது அன்றாடம் பார்க்கிற லேபிள்தான். "ரெண்டும் சரிக்குச் சரி."

"அந்தக் குச்சி தேடறது டி.எச்.சி.ய மட்டும்தான். சி.பி.டி. அதுக்குத் தெரியாது. டி.எச்.சி. சாதாரணமா பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் எச்சில்ல தெரியலாம்னு சொல்றாங்க. தினமும் எடுக்கறவங்களுக்கு அதுக்கு மேலயும் இருக்கும், எவ்வளவுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. சீட்டு இருக்குதே, மயக்கம் இல்லையே, நல்லாத்தானே ஓட்டறேன், இதெல்லாம் நம்ம மாநிலத்துல செல்லாது. எச்சில்ல இருந்தா இருந்ததுதான்."

வகுப்பில் பல பேர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போட்டேன். ஒன்பதரை மணி நேரம். ஐந்து வாரமாக டாரில் தினமும் சூதாடிக்கொண்டுதான் வேலைக்குப் போயிருக்கிறான்.

வெளியே வரும்போது ஜெய்டா கூடவே நடந்தாள்.

"கிழவி, எங்கப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எதப் பத்தி?"

"உன் பக்கத்து வீட்டப் பத்தி." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அவரும் சொல்லிக் காட்டற நெலமையில இல்ல. எனக்கு அத்தையே கெடையாது."

அன்று சாயங்காலம் ஆட்டுக்கறித் துண்டும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்துவிட்டு டாரிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முள்கரண்டியை வைத்துவிட்டான்.

"அப்ப எண்ணெய நிறுத்தணும்."

"டி.எச்.சி. இல்லாத எண்ணெய் இருக்கு. டாக்டர்கிட்ட கேக்கணும்."

"அதுல தூக்கம் வருமா?"

"தெரியாது. தெரியற வரைக்கும் காலைல நான் ஓட்டறேன். எனக்குத் திங்கக்கெழமைலேர்ந்து ஆஸ்பத்திரில பயிற்சி, ஏழு மணிக்கு நிக்கணும். போற வழிதானே. சாயங்காலமும் நானே வந்து கூட்டிக்கறேன்."

அவனுக்குப் பிடிக்கவில்லை. பதினேழு வயதிலிருந்து சொந்த வண்டியில் போனவன். "பொண்டாட்டி கொண்டாந்து கேட்டுல எறக்கிவிட்டா அவனுங்க என்னை விட்டு வைப்பானுங்களா? சாப்பாட்டு டப்பாவும் குடுத்து மூக்கத் தொடச்சு விடுவாளான்னு கேப்பானுங்க."

"தொடச்சு விடறேன். தூங்கறியா, இல்ல பழையபடி உக்காந்தே இருக்கியா?"

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு கறித்துண்டை எடுத்தான். எட்டு மணிக்கு எண்ணெயை விட்டுக்கொண்டு படுத்தான்.

கேலி இரண்டு வாரம் நடந்தது. ஒருநாள் எவனோ கேட்டில் ‘பள்ளிக்கூடப் பேருந்து நிறுத்தம்’ என்று அட்டையில் எழுதிக் கட்டியிருந்தான். டாரில் அதன் கீழேயே போய் நின்றுகொண்டான். புது எண்ணெய்க்கு டாக்டர் அடுத்த மாதம்தான் நேரம் கொடுத்திருக்கிறார். அவசரம் இல்லை.

நேற்று காலை பாலம் தாண்டியதும் போலீஸ் கை காட்டியது. வெளிச்சம் வந்துவிட்டிருந்தது, வயல் மேலே பனி நின்றது. சின்ன வயதுப் போலீஸ்காரர். என் நாக்கில் குச்சியைத் தடவிவிட்டு, முடிவு தெரியும் வரைக்கும் ஜன்னலோரமாக நின்றார். குனிந்து உள்ளே பார்த்தார். டாரில் வலது தோளை எதிலும் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"அவருக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்காரு. தூங்கறாரு."

"இந்தக் குறட்டையோட எப்படி ஓட்டறீங்க?"

"பழகிட்டேன்."

அவர் குச்சியைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தலையசைத்து, போகச் சொன்னார். கியரைப் போட்டேன். தொழிற்சாலைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவனை எழுப்பவில்லை.